வால்வுக்காரரின் ஜீவநதி

அந்த ஊரில் கடவுளுக்கு அடுத்தபடியாக அதிகம் திட்டு வாங்கியவர் வால்வுக்காரர்தான். கடவுளையாவது கஷ்டம் வந்தால்தான் திட்டுவார்கள். வால்வுக்காரரை விடிந்ததுமே திட்டுவார்கள். தண்ணீர் வராத நாளில் ஏன் வரவில்லை என்று திட்டு. வந்த நாளில் ஏன் இவ்வளவு சீக்கிரம் நின்றது என்று திட்டு. நின்று நிதானமாக வந்து, தொட்டி நிரம்பி வாசலெல்லாம் வழிந்த நாளில், இன்றைக்கு இப்படி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று திட்டு.

தண்ணீர் வாரியத்தில் அவருக்குப் பெரிய பதவி ஒன்றும் இல்லை. சாலையில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, இடுப்பு உயர டி-சாவியைக் குழிக்குள் இறக்கி, ஒரு தெருவுக்குத் திறந்து இன்னொரு தெருவுக்கு மூடுவது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் செங்கோலோடு ராஜா நகர்வலம் வருகிறார் என்றே தோன்றும். ஊருக்கே தண்ணீர் காட்டுகிற வேலை. அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனை அர்த்தத்திலும் அவர் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதையே வேறு. சபையில் அவருக்கு "தண்ணீர் ஐயா" என்று பெயர். அந்தப் பெயரில் துளிக்கூடக் கேலி இல்லை என்று அவர் மனதார நம்பினார்.

முதலில் அவர் சபைக்குப் போனது மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல்தான். மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம் பிடித்து, ஆரம்ப ஜெபத்துக்கு மூடிய கண்ணை முடிவு ஜெபத்துக்குத்தான் திறப்பார். ஒரு நாள் பழைய போதகர் ஏதேன் தோட்டத்தைப் பற்றி வாசித்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய ஒரு நதி ஓடிற்று, அங்கிருந்து அது நான்காகப் பிரிந்தது என்று அவர் வாசித்தபோது, வால்வுக்காரர் முழுசாக விழித்துக்கொண்டார். ஒரு மெயின், நாலு பிரிவு. மனிதனைப் படைப்பதற்கும் தண்ணீர் இணைப்புக் கொடுப்பதற்கும் கடவுள் வேதத்தில் ஒரே அதிகாரத்தைத்தான் ஒதுக்கியிருக்கிறார்! அன்று வீட்டுக்குப் போனதும் வேதத்தை முதல்முறையாகத் தன் கையால் திறந்தார். கேக்கில் திராட்சையை மட்டும் நோண்டித் தின்கிற பிள்ளை மாதிரி, தண்ணீர் ஓடுகிற இடங்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வாசித்தார். மற்றபடி வேதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அவர் வீட்டு முன்னறையில் வேதபாடம் நடக்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வேதபாடம் என்றால் தண்ணீர்ப் பாடம்தான். வனாந்தரத்தில் மோசே பாறையிலிருந்து தண்ணீர் வரவழைத்தது அவருக்கு ரொம்பப் பிடித்த பகுதி. "ரெண்டாவது தடவ பாறைகிட்ட பேசுன்னுதான் ஆண்டவர் சொன்னார். இவரு கோவத்துல கோலால ரெண்டு அடி அடிச்சாரு. தண்ணி வந்துடுச்சு, இல்லேங்கல. ஆனா வாக்குத்தத்த நாட்டுக்குள்ள கால் வைக்க முடியல. ஏன்? மேலிடத்து உத்தரவ மீறினா அப்படித்தான். அத்தனை வருஷ சர்வீஸ், பென்ஷன் இல்லாம போச்சு!" என்பார். எலியா சொல்லி மழை நின்றுபோன மூன்றரை வருஷத்தை "சப்ளை நிறுத்தம்" என்பார். கிணற்றங்கரையில் சமாரியப் பெண்ணிடம் இயேசு ஜீவத்தண்ணீரைப் பற்றிச் சொன்னதும், இனிமேல் நான் இங்கே வந்து மொள்ளாமலிருக்க அதை எனக்குத் தாரும் என்று அவள் கேட்டாள் அல்லவா? "பாருங்க, வீட்டு இணைப்புக்கு மொதல்ல விண்ணப்பம் போட்டதே அந்த அம்மாதான்" என்பார். சிரிப்பதா, ஆமென் சொல்வதா என்று தெரியாமல் எல்லோரும் ஆமென் சொல்லிவைப்பார்கள்.

சபைக்குப் புதிதாக வந்த போதகர் இளைஞர். மூல பாஷையெல்லாம் படித்தவர். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"ஐயா, ஜீவத்தண்ணீர்னு நாம சொல்றமே, பழைய பாஷையில அது ரொம்பச் சாதாரணமான வார்த்தை. ஓடற தண்ணி, அவ்வளவுதான். ஊத்துல இருந்து வந்து ஓடிக்கிட்டே இருந்தா அது உயிருள்ள தண்ணி. தொட்டியில கட்டி வச்சா அது வேற. அதனாலதான் தீர்க்கதரிசி, ஊத்த விட்டுட்டு ஓட்டைத் தொட்டி வெட்டினீங்களேன்னு ஜனங்கள கண்டிக்கிறாரு."

வால்வுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடுகிற தண்ணீர்தான் ஜீவத்தண்ணீர் என்றால், அதை ஓட விடுகிறவர் யார்? போதகர் வாரத்துக்கு ஒரு தடவை வாயால் சொல்வதை, இவர் வாரத்துக்கு ஆறு நாள் கையால் செய்துகொண்டிருக்கிறார்! அன்றிலிருந்து டி-சாவியைத் தரையில் போடுவதை நிறுத்தினார். வீட்டில் அலமாரிக்குப் பக்கத்தில், வேதப் புத்தகத்துக்கு அருகே சாத்தி வைத்தார்.

இவ்வளவு பெரிய ஊழியக்காரருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அங்கேதான் சங்கதி.

அவர்களுடைய அப்பாவும் வால்வுக்காரர்தான். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரியத்தில் இரக்கப்பட்டு, மகன்களில் ஒருவருக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். நியாயப்படி மூத்தவருக்குத்தான் வர வேண்டும். மூத்தவர் அப்போதே ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். "எனக்குக் கைத்தொழில் இருக்கு, தம்பி எடுத்துக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தார். அதுவரை நல்ல அண்ணன், நல்ல தம்பி. பல வருஷம் கழித்துத் தம்பி புது வீடு கட்டி, குடிபோகும் அன்று ஜெபம் வைத்து ஊரையே கூப்பிட்டபோது, சாப்பாட்டுப் பந்தியில் யாரோ வீட்டைப் புகழ்ந்தார்கள். வாய் சும்மா இருக்காத அண்ணன், "என்ன இருந்தாலும் நான் போட்ட பிச்சைதானே" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் பிச்சை என்ற சொல்லில் வேடிக்கை எப்போது இருந்திருக்கிறது? தம்பி அன்றே அண்ணனைத் தலைமுழுகிவிட்டார். இவ்வளவு தண்ணீர் கைவசம் இருக்கிறவருக்குத் தலைமுழுகுவது பெரிய காரியமா என்ன!

இருவரும் ஒரே சபைக்குத்தான் போனார்கள். இவர் வலது பக்கம், அவர் இடது பக்கம். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குவார்கள். வாங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கென்றே பக்தியோடு கண்ணை மூடிக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும்.

அண்ணன் குடியிருந்தது குழாய்ப் பாதையின் கடைக்கோடித் தெருவில். அந்தத் தெருவுக்குத் தனி வால்வு. சண்டைக்கு மறுநாள் காலையில் வால்வுக்காரர் அதை முழுசாகத் திறக்கவில்லை. பாதி திறந்தார். மறுவாரம் பாதியில் பாதி. மூடியதாகவும் சொல்ல முடியாது, திறந்ததாகவும் சொல்ல முடியாது. தண்ணீர் தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? அளந்து போட்டார். புகார் போனபோது வாரியத்தில் ஓர் அதிகாரி நாற்காலியை விட்டு எழாமலே காரணம் கண்டுபிடித்தார். "கடைசித் தெரு, மேடு வேற. பிரஷர் ஏறாது." அத்தோடு முடிந்தது. தெருக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அதில் வந்தது கைப்பும் கரிப்புமான உப்புத் தண்ணீர். பெயர்ப் பலகையில் அந்தத் தெருவுக்கு அழகான ஒரு பெயர் இன்னமும் இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது உப்புத்தெரு.

உப்புத்தெருவில் செடிக்காரம்மா ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. வீட்டு முன்னால் இருந்த துண்டு நிலத்தில் கறுப்புப் பைகளிலும் உடைந்த வாளிகளிலும் நாற்று வளர்த்து விற்றுப் பிழைத்தாள். ரோஜாதான் அவளுடைய பெருமை. உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, இலையின் ஓரம் கருகி, பிறகு இலையே சுருண்டு, செடி நின்றபடியே சாகும். காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போய், யார் வீட்டிலாவது கெஞ்சி நல்ல தண்ணீர் கொண்டுவருவாள். அதில் தனக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் ரோஜாவுக்கு. கடைசியில் பொறுக்க முடியாமல், தெருவில் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தாள். அதிகாரி நேரில் வந்து, தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மனு.

மனு விஷயம் வால்வுக்காரர் காதுக்கு வந்தது. அதிகாரி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தால் போதும், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். மோசேயாவது நாட்டுக்குள் போகாமல் மலைமேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். இவருக்கு அந்த மலையும் கிடையாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைப் பாடத்துக்குச் செடிக்காரம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். எடுத்துக்கொண்ட பகுதி, ஆலயத்து வாசற்படிக்குக் கீழேயிருந்து தண்ணீர் புறப்படும் தரிசனம். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு நீந்தித்தான் கடக்க முடியும் என்கிற அளவுக்கு அது ஆறாகிப் போவதை வால்வுக்காரர் எழுந்து நின்று, தன் காலையே அளவுகோலாக வைத்துக் காட்டினார்.

"அந்தத் தண்ணி போற எடமெல்லாம் பிழைக்குது. செத்த கடலே நல்ல தண்ணி ஆயிடுது, மீனு பெருகுது. ரெண்டு கரையிலயும் மரம். எல வாடறதில்ல, பழம் ஓயறதில்ல. ஆனா ஒண்ணு கவனிங்க." இங்கே அவர் குரலைத் தாழ்த்தினார். "சேறும் சகதியுமா கெடக்கிற எடம் மட்டும் சரியாகல. அது உப்புக்குன்னே விடப்பட்டிருக்கு. யார் விட்டா? ஆண்டவர் விட்டார். சில எடத்த அவரே அப்படி வச்சிருக்கார். ஏன்னு நாம கேக்கலாமா? மனு போடலாமா?"

போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உப்பும் சமையலுக்கு வேண்டும் என்றுதான் அப்படி விட்டார் என்று சிலர் விளக்கம் சொல்வதாக முனகினார். ஆனால் வால்வுக்காரர் சபைக் கமிட்டியில் இருக்கிறவர், போதகருக்கோ இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எனவே அந்த விளக்கம் அவருடைய சட்டைக் காலருக்கு மட்டும்தான் கேட்டது.

செடிக்காரம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்போ எங்க தெரு அப்படித்தானா ஐயா? ஆண்டவரே உப்புக்குன்னு விட்டுட்டாரா?"

வால்வுக்காரர் மேஜை மேல் இருந்த கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி முழுசாகக் குடித்தார். "எல்லாம் அவர் சித்தம்மா."

அவள் அழுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவளோ பாரம் இறங்கினவளைப் போலத் தலையை ஆட்டினாள். "நான் பாவி, இத்தன நாளா வாரியத்தத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். உங்களையும் திட்டியிருக்கேன் ஐயா, மன்னிச்சிருங்க. அவரு சித்தம்னு தெரிஞ்சா எனக்கு என்ன கொற? இனிமே மனு கினு எல்லாம் வேண்டாம்" என்றாள். மறுநாளே கையெழுத்து வாங்கிய தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவருடைய உபதேசம் ஊருக்குப் பலித்தும்விட்டது. பாடம் நடந்த அன்று எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கிக்கொண்டே மனைவி கேட்டாள். "ஏங்க, ஓடற தண்ணிதான் ஜீவத்தண்ணி, அத ஓட விடறவரு ஊழியக்காரருன்னு பூரிச்சுப் போனீங்களே. மூடறவரு யாரு?"

"பைப்லைனப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"பைப்லைனப் பத்தித் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும்."

அவர் டி-சாவியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மனைவியோடு வாதம் செய்வதில்லை என்பது அவருடைய கொள்கைகளில் ஒன்று. ஜெயித்ததில்லை என்பதால் வந்த கொள்கை.

நாலைந்து ஞாயிறு போயிருக்கும். ஆராதனைக்குப் போன வால்வுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிரசங்க மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று இரண்டு மரங்கள். இலை பளபளவென்று மின்னியது. அடியில் செடிக்காரம்மா, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் மரம், எல வாடறதே இல்ல! நீங்க சொன்ன வசனந்தான்."

அவர் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக். ஓர் இலையின் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

"ரோஜாவெல்லாம் குடுத்துட்டேன் ஐயா. அந்தப் பக்கத்துத் தெருவுல ஒருத்தர் வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாரு. இனிமே இந்த வியாபாரந்தான். இதுக்குத் தண்ணியே வேண்டாம். மாசத்துக்கு ஒரு தரம் ஈரத் துணியால தொடச்சா போதும். ஆரம்பத்துல மனசுக்கு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. பூ மொட்டு விட்டாலே நான் பேசிக்கிட்டு இருப்பேன். இதுகிட்ட என்ன பேசறது? ஆனா அவரு சித்தம் அதுதானே. நீங்க மட்டும் அன்னைக்கு எடுத்துச் சொல்லலேன்னா நான் இன்னமும் கேனத் தூக்கிக்கிட்டு அலஞ்சிருப்பேன்."

அவளுக்கு அவர்மேல் நன்றி! அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டு வாங்கி வாங்கிக் காய்த்துப்போன மனிதர் அவர். நன்றி எங்கே போய்க் குத்தும் என்பது அவருக்குப் பழக்கமில்லை. அன்றைக்குப் பாட்டு முழுக்கத் தலை குனிந்தபடியே இருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவர் அண்ணனுடைய முகத்தைத் தவிர வேறு ஒரு முகத்தையும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

அப்படியானால் உடனே மனம் திரும்பி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாரா என்றால், அதுதான் இல்லை. மறுநாள் காலையில் உப்புத்தெரு வால்வைத் திறந்தார், உண்மை. துரு ஏறி இறுகிக்கிடந்த தண்டைத் தம் பிடித்துத் திருகி, இனித் திருக இடமில்லை என்னும் வரை திறந்தார். ஆனால் திறக்கும்போதே மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டு முற்றத்தில் குழாய் கொட்டுகிறது. அண்ணன் ஓடி வருகிறார், தண்ணீரைக் கையில் ஏந்துகிறார், கண் கலங்குகிறது. அந்த நேரம் பார்த்துத் தம்பி தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறார். "இருக்கட்டும்ணே" என்று பெருந்தன்மையாகச் சொல்கிறார். பிச்சை போடுகிற சுகம் யாருக்குத்தான் வேண்டாம்?

எனவே சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, தற்செயலாக அந்தப் பக்கம் போனார்.

தெருவே இரண்டுபட்டுக்கொண்டிருந்தது. குழாய்களெல்லாம் முதலில் இருமின, பிறகு காற்றைக் கக்கின, பிறகு செங்கல் நிறத்தில் துப்பின, கடைசியில் தெளிந்து கொட்டத் தொடங்கின. குடம், வாளி, குக்கர், குழந்தை குளிக்கும் தொட்டி, எது கைக்கு அகப்பட்டதோ அதைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். ஒருவர் பல் தேய்த்த வாயைக்கூடத் துடைக்காமல் குழாயடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இப்போது சொந்தமாகிவிட்ட ரொட்டிக்கடையில் இரவு வேலை முடிந்து வந்த அண்ணன், புருவத்தில் மாவோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நகக்கண்ணில் காய்ந்திருந்த மாவைத் தீக்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

பேச்சை யார் தொடங்குவது என்பது இத்தனை வருஷமாக முடிவாகாத வழக்கு. ஆர்வம் தாங்காமல் தம்பியே தோற்றார்.

"என்னண்ணே, குழாயத் தொறந்து பாக்கலையா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை. "எந்தக் குழாய?"

"ஒங்க வீட்டுக் குழாயத்தான்."

"அது எங்கடா இருக்கு? நீ மூஞ்சத் திருப்பிக்கிட்ட மறுவாரமே பிளம்பரக் கூப்பிட்டு அறுத்து, டம்மி போட்டு அடச்சாச்சு. ஒன் தண்ணி எனக்கெதுக்கு?"

வால்வுக்காரர் சுவரைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் ஒரு குழாயின் மொட்டைக் கட்டை துருத்திக்கொண்டிருந்தது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பை அதற்கும் சேர்த்தே அடித்திருந்தார்கள். பல தடவை அடித்திருந்தார்கள்.

"அப்போ இத்தன வருஷமா குடிக்கிறது?"

உள்ளேயிருந்து அண்ணி பதில் சொன்னாள். "ஒங்க வீட்டுத் தண்ணிதான் தம்பி. நீங்க காலையில வேலைக்குக் கெளம்பினதும் ரொட்டி வண்டி ஒங்க வாசல்ல வந்து நிக்கும். தங்கச்சி கேன நெரப்பி ஏத்தி விடுவா. நாங்க சும்மா வாங்கறதில்ல, பதிலுக்கு ரொட்டி எறக்குவோம்."

"அந்த ரொட்டி கடையில வாங்கினதுன்னுல்ல சொன்னா!"

"கடை எங்களுதுதானே தம்பி. அவ பொய் சொல்லலையே."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். தாகத்தால் வாட வேண்டும் என்று யாரைத் தண்டித்தாரோ, அவர் ஒரு நாள்கூடத் தாகத்தோடு இருக்கவில்லை. தினமும் காலையில் வாய் நிறைய மென்றது தலைமுழுகிய அண்ணன் சுட்ட ரொட்டியை. அண்ணன் குடித்தது தம்பி வீட்டுத் தண்ணீரை. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். சத்தியமான வார்த்தை. ஆனால் அடி விழுந்தது எங்கே? எந்தச் சண்டையிலும் இல்லாத முப்பது வீட்டில் விழுந்தது.

"வால்வ மூடினது நான்தான்னு தெரிஞ்சிருந்தும் தெருக்காரங்ககிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொன்னா ஒன் வேல போயிருமேடா." அண்ணன் தீக்குச்சியைத் தூக்கிப் போட்டார். "அப்பா பாத்த வேல. நான் விட்டுக்குடுத்த வேல. அத நானே போயிக் கெடுப்பனா?"

சகோதர பாசம் என்றால் இதுதான். தம்பி கோபத்தால் மூடினார், அண்ணன் பாசத்தால் வாயை மூடினார். தெரு முழுவதும் உப்புத் தண்ணீரில் தலை குளித்துச் சொட்டையானதுதான் மிச்சம். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தினவன் கதையில் மூட்டைப்பூச்சியாவது செத்தது.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து செடிக்காரம்மா அவரைப் பார்த்துவிட்டாள். நிரம்பித் தளும்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலை முன்பக்கமெல்லாம் நனைந்து, ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஐயா, வந்திருச்சு ஐயா! வாயில ஊத்திப் பாத்தேன், கல்கண்டு கணக்கா இருக்கு! ஆண்டவர் மனசு மாறிட்டாரு ஐயா. உப்புக்குன்னு விட்ட எடத்தத் திரும்பிப் பாத்துட்டாரு. இது எந்த அதிகாரத்துல வருது? அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லையே!"

"ஆண்டவர் இல்லம்மா," என்றார் அவர். "நான்."

"தெரியாதா ஐயா! நீங்க முழங்கால் போட்டு ஜெபிக்காம இது நடந்திருக்குமா?"

அண்ணன் மூக்கால் சிரித்தார். வால்வுக்காரருக்கு அங்கேயே ஒரு நல்ல வழி திறந்து கிடந்தது. தலையைக் குனிந்து ஒரு புன்னகை செய்தால் போதும். ஜெபத்தால் தண்ணீர் வரவழைத்தவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகலாம். அடுத்த வெள்ளிக்கிழமை முன்னறை கொள்ளாது. எலியாவுக்கு அடுத்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் அதை யோசிக்காமலும் இல்லை. யோசித்தார், அண்ணனைப் பார்த்தார், அவளுடைய வீட்டு முன்னால் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் செடிகளைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ஜெபமெல்லாம் பண்ணலம்மா. சித்தமும் இல்ல, மேடும் இல்ல. இந்தத் தெரு வால்வ நான்தான் இத்தன வருஷமா மூடி வச்சிருந்தேன். எங்க அண்ணன் மேல இருந்த கோவத்துல. அந்த வசனத்த எடுத்துச் சொன்னதும் நீங்க மனு போட்டா மாட்டிக்குவேன்னு பயந்துதான்."

அவள் குடத்தை இறக்கித் தரையில் வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள், மறுபடி தம்பியைப் பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு அவரிடம் ஆயுள் கால அனுபவம் இருந்தது.

"அண்ணன் ஏதோ பேசிட்டாரு, ஒங்களுக்குக் கோவம். அது ஒங்க குடும்ப விஷயம்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "என் ரோஜாச்செடி ஒங்கள என்ன ஐயா சொல்லிச்சு?"

வால்வுக்காரர் வாயைத் திறந்தார். வேதத்தில் ஆதி முதல் அந்தம் வரை தண்ணீர் வருகிற இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றார்.